வினைச்சொல்லுக்கு ஆள் தேவை

என் வீட்டுக்காரரின் பெயரை நான் இதில் எங்கும் எழுதப்போவதில்லை. முப்பது வருஷமாக வாயில் வராத பெயரைக் காகிதத்தில் எழுதி இனி என்ன சாதிக்கப்போகிறேன்? அந்தப் பெயரில் ஒரு சாமி இருக்கிறார். அவரைக் கும்பிடும்போதுகூட 'எங்க வீட்டுக்காரர் பேர்கொண்ட சாமி' என்றுதான் கும்பிடுவேன். சாமி இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தால் 1929-ஆம் வருஷம் நாங்கள் இருவரும் மூட்டை முடிச்சோடு கப்பலேற இருந்தோம்.

அப்போது நாங்கள் மலாயாவில், ஜொகூரில், கோத்தா திங்கியிலிருந்து எட்டு மைல் தள்ளி, ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இவர் அங்கே சின்னக் கிராணி. கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. இவருக்கு மேலே பெரிய கிராணி சிற்றம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், அழகான கையெழுத்து, அதைவிட அழகான தொப்பை. அவருக்கு மேலே துரை. துரைக்கு மேலே சிங்கப்பூரில் கம்பெனி ஆபீஸ். அங்கே புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரனுக்குத் தோட்டத்துக் கடிதங்களைப் படித்துத் தலைவலி வந்துவிட்டதாம். கிராணிகள் எல்லோரும் இங்கிலீஷ் இலக்கணத்தில் பரீட்சை எழுத வேண்டும், இரண்டு முறை தவறினால் வேலை போய்விடும் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

சிற்றம்பலம் முதல் முறையே தேறிவிட்டார். இவர் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினார். அந்தப் பதினொன்றும் கையெழுத்துக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு முறை தவறினால் நாகப்பட்டினம். அங்கே இவருடைய அண்ணன் வீடு இருக்கிறது. பதினான்கு பேர் சாப்பிடும் வீடு. கல்யாணமாகி முதல் ஒன்றரை வருஷம் நான் அந்த வீட்டு அடுப்படியில்தான் கிடந்தேன். அங்கே என் பெயர் 'ஏய்'. காலையில் ஒரு பானை, மத்தியானம் ஒரு பானை, சாயங்காலம் ஒரு பானை, நடுவில் யாராவது விருந்தாளி வந்தால் இன்னொரு பானை. தோட்டத்தில் எங்களுக்கு இரண்டே அறைதான். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசுவது காதில் விழாது, அட்டைப் பூச்சி வாசற்படி வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஆனால் அடுப்பில் என்ன ஏறுகிறது என்பதை நான் முடிவு செய்தேன். சாப்பிட்ட பிறகு காலை நீட்டிக்கொண்டு பழைய செய்தித்தாள் படித்தேன். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மற்றப் பாடங்கள் எப்படியோ, இங்கிலீஷ் இலக்கணத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. இது இவருக்கும் தெரியும். ஆனால் கட்டிய மனைவியிடம் பாடம் கேட்பதாவது! மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் இலக்கணப் புத்தகத்தை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அதை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தார், எதிரே உட்கார்ந்தார், கதவைச் சாத்தச் சொன்னார். பக்கத்து வீட்டில் இருந்த, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரின் சம்சாரம் கிருஷ்ணம்மாவுக்கு இது தெரிந்தால் தோட்டம் முழுவதும் தெரிந்துவிடும் என்பது அவர் கவலை.

வினைச்சொற்களில்தான் தொடங்கினோம். இவருக்கு வகைகளின் பெயர் எல்லாம் தெரிந்திருந்தது. டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ், ஆக்சிலியரி என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இது எந்த வகை என்று ஒரு சொல்லைக் காட்டினால் கூரையைப் பார்ப்பார். நான் சொன்னேன்: ஒருத்தன் வெட்டினான் என்றால், எதை வெட்டினான் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? அப்படி ஒரு பொருளைக் கேட்டு வாங்காமல் விடாத வினை ஒரு வகை. தூங்கினான் என்றால், எதைத் தூங்கினான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது தன்னோடு முடிந்துபோகிற வகை. இன்னொன்று, தானாக ஒரு வேலையும் செய்யாது. இன்னார் இப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும். 'இஸ்' என்பது அந்த ஜாதி. கடைசியாக ஒன்று, துணைக்கு வருவது. தனியாக எங்கும் போகாது, இன்னொரு வினையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

இவருக்குப் புரிந்தது. புரிந்தது மறுநாள் வரை நிற்கவில்லை. குற்றம் புத்தகத்தில் இருந்தது. அதில் எல்லா வாக்கியத்திலும் ஜான் என்று ஒருவன் வருவான். ஜான் பந்தை உதைத்தான், ஜான் ஓடினான், ஜான் நல்ல பையன். பார்த்திராத ஒருவன் பார்த்திராத ஒரு பந்தை எதற்காக உதைக்கிறான் என்று இவருக்கு விளங்கவில்லை. காலையில் படித்த ஜான் சாயங்காலம் காணாமல் போய்விடுவான்.

எங்கள் பள்ளிக்கூடத்து மிஸ் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயரைப் போட்டுத்தான் வாக்கியம் சொல்வார். அப்போதுதான் மனத்தில் ஒட்டும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரை நான் சொல்லக்கூடாது. என் பெயரைப் போடலாம் என்றால் அவரும் அதைச் சொல்லமாட்டார். 'இந்தா' என்பார், அவசரம் என்றால் இருமுவார். 'இந்தா ஸ்லீப்ஸ்' என்று எழுதினால் எந்தத் துரை மார்க்குப் போடுவான்? ஆகவே எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது முறை அடிபடுகிற பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

சிற்றம்பலம் ஸ்லீப்ஸ் என்றேன். தபால் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபீசில் சிற்றம்பலம் தூங்குவதை இவர் தினமும் பார்க்கிறவர். எதை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து, சிற்றம்பலம் துரையின் பிராந்தியைக் குடித்தார். எதை? பிராந்தியை. புட்டியில் குறைந்த இடத்தைத் தேயிலைத் தண்ணீர் ஊற்றி நிரப்பியதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. அடுத்து, சிற்றம்பலம் மனைவிக்குப் பயந்தவர். இதில் 'இஸ்' ஒரு வேலையும் செய்யாமல் நிற்கிறது பாருங்கள் என்றேன். இவர் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கால் மணி நேரம் சிரித்தார்.

வெளியில் நான் அவரைப் 'பெரிய கிராணி ஐயா' என்றுதான் சொல்வேன். இங்கிலீஷில் அந்தத் தொல்லை இல்லை. ஐயாவும் இல்லை, அவரும் இல்லை, வெறும் சிற்றம்பலம். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

துணை வினைக்குத்தான் வான்கோழியைக் கொண்டுவந்தேன். சிற்றம்பலம் ஹேஸ் ஈட்டன் தி டர்க்கி. சிற்றம்பலம் துரையின் வான்கோழியைத் தின்றிருக்கிறார்.

இது நடந்த விஷயம். முந்தின டிசம்பரில் ஆறு பெருகிச் சாலை முழுகிவிட்டது. கோத்தா திங்கியிலிருந்து ஒன்பது நாள் படகு வரவில்லை. கருவாடு தீர்ந்தது, பருப்புத் தீர்ந்தது. துரை ஜொகூர் பாருவில் மாட்டிக்கொண்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று அவர் ஆசையாக வளர்த்த வான்கோழி மட்டும் பங்களாவுக்குக் கீழே கூண்டில் கொழுத்து நின்றது. அதற்குத் தீனி போடும் பொறுப்பைச் சிற்றம்பலத்திடம் விட்டுப் போயிருந்தார். ஏழாம் நாள் அது கூண்டில் இல்லை. துரை திரும்பி வந்தபோது, உடும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சிற்றம்பலம் சொன்னார். துரை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் மூன்று உடும்புகளைச் சுட்டுத் தள்ளினார். எங்கள் வீட்டுக்கு அந்த ஏழாம் நாள் ஒரு கிண்ணம் கறி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மிளகுக் கறி. இது என்ன கறி என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்படி ஆறு வாரம் படித்தோம். சிற்றம்பலம் எங்கள் வீட்டில் ஓடினார், விழுந்தார், பொய் சொன்னார், சாவியைத் தொலைத்தார். இவர் ஒரு வாக்கியத்தையும் மறக்கவில்லை. எந்த வினையை எப்படிப் புரட்டிக் கேட்டாலும் சரியாகச் சொன்னார். மார்ச் மாதம் பரீட்சை நாளன்று நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனார்.

பரீட்சை ஆபீசிலேயே நடந்தது. கேள்வித்தாள் சிங்கப்பூரிலிருந்து முத்திரை வைத்து வந்தது, திருத்துவது துரை. காப்பியடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை, ஏற்கெனவே தேறிய சிற்றம்பலத்துக்கு. இதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. வினைச்சொற்களின் வகைகளை விளக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுது என்று முதல் கேள்வி. இவர் ஆனந்தமாகப் பேனாவை மையில் தோய்த்திருக்கிறார். பின்கழுத்தில் யாழ்ப்பாணச் சுருட்டு வாசனை அடித்திருக்கிறது. சிற்றம்பலம் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தபோது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்துக்கும் எழுதிட்டேன். ஒண்ணு விடல," என்றார்.

சிற்றம்பலம் பின்னால் நின்ற கதையைச் சொல்லி, அதனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். நல்ல வேலை செய்தீர்கள் என்றேன். யார் பெயரைப் போட்டீர்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"என் பேருதான். தினம் கையெழுத்துப் போடுற பேரு, அதான் சட்டுனு வந்துச்சு."

கரண்டியை வைத்துவிட்டேன்.

"வான்கோழிக்குமா?"

"வான்கோழிக்கும்தான்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அலமாக்," என்றார், மலாய்க்காரர்கள் 'ஐயையோ' என்பதற்குச் சொல்வதுபோல.

அன்று குழம்பு அடிப்பிடித்துப்போனது. இவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்ததை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஆபீசில் தூங்குகிறேன், உங்கள் பிராந்தியைக் குடித்தேன், சாவியைத் தொலைத்தேன், பொய் சொன்னேன், வான்கோழியைத் தின்றேன். எல்லாம் பிழையில்லாத இங்கிலீஷ். எழுதியதில் உண்மை என்று பார்த்தால், மனைவிக்குப் பயந்தவன் என்ற ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் சேவகர் ஐயாசாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உள்ள நிக்க வெச்சிருக்காரு துரை. கையில பரீட்சை பேப்பரு, மேசையில துப்பாக்கி," என்றார். "துப்பாக்கி தெனம் அங்கதான் இருக்கும். இன்னைக்குப் பாக்க நல்லால்ல. வான்கோழியப் பத்திக் கேட்டா நம்ம கிராணி வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

சுண்ணாம்பைக் கொடுத்தேன். சேலையை மாற்றிக்கொண்டேன். அந்தத் தோட்டத்தில் எந்தக் கிராணியின் மனைவியும் ஆபீஸ் படியேறியதில்லை. ஆனால் நாகப்பட்டினத்து அடுப்படி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, அதில் கால் தானாக நடந்தது.

உள்ளே துரை முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். இவர் மேசைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சிற்றம்பலம் அலமாரி ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தார். பேப்பரில் இருந்ததை அவரும் படித்திருப்பார் போலிருக்கிறது, நிறம் மாறியிருந்தது. துரையின் வழக்கு எளிமையானது. இதில் எழுதியிருப்பது உண்மை என்றால் இவன் திருடன். உண்மை இல்லை என்றால், பதினொரு மார்க்கு வாங்கியவனுக்குத் திடீரென்று இந்த இலக்கணம் வந்திருக்க முடியாது, ஆகவே எங்கேயோ காப்பியடித்தவன். இரண்டில் எதுவானாலும் கப்பல் டிக்கெட் ஒன்றுதான். இவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது. வான்கோழியைத் தின்றது யார் என்று சொன்னால் சிற்றம்பலத்தின் ஆறு பிள்ளைகளும் கப்பலேற வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொன்னால் இவருடைய மானம் கப்பலேறிவிடும். மானத்தைக் காப்பாற்ற என்னை அந்த அடுப்படிக்கு அனுப்புகிறாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல.

இங்கிலீஷில் பேசினேன். இவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான் என்றேன். அவை வெறும் உதாரணங்கள், உதாரணம் உண்மையாக இருக்கவேண்டியதில்லை, கம்பெனி அனுப்பிய புத்தகத்தில் ஜான் பக்கத்துக்குப் பக்கம் பந்தை உதைக்கிறான், அவனை யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா என்று கேட்டேன். துரை சிரிக்கவில்லை. இவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அப்படியானால் இப்போதே என் முன்னால் இரண்டு வாக்கியம் சொல், முதலாவதில் பொருளைக் கேட்கிற வினை, இரண்டாவதில் 'இஸ்' வகை என்றார்.

வாக்கியத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அறையில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் பெயரை நான் சொல்லக்கூடாது. இன்னொருவர் பெயரை அன்றைக்கு எடுப்பது பாவம். மிச்சம் இருந்தவர் ஒருவர்தான்.

"துரை உடும்புகளைச் சுட்டார்," என்றேன். "உடும்புகள் குற்றமற்றவை."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. துரை நாற்காலியை மெதுவாகத் திருப்பிச் சிற்றம்பலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என் வான்கோழியைத் தின்றது யார் என்று நேராகவே கேட்டார்.

இனிமேல் மழுப்ப எனக்குத் தெம்பில்லை. நாங்கள் எல்லோரும் தின்றோம் என்றேன். ஒன்பது நாள் படகு வரவில்லை, பிள்ளைகள் வெறும் சோறு சாப்பிட்டார்கள், எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது, நானும் தின்றேன், என் வீட்டுக்காரரும் தின்றார், ஆகவே அவர் எழுதியது பொய்யும் இல்லை என்றேன்.

சிற்றம்பலம் அலமாரியை விட்டு முன்னால் வந்தார். பரீட்சையில் முதல் முறையே தேறிய மனிதருக்குப் பயத்தில் இங்கிலீஷ் முழுவதும் போய்விட்டது.

"நான்தான் அறுத்தனான் சேர்," என்றார் தமிழில். "இவையளில பிழை இல்லை."

துரைக்கு அது புரிந்தது. தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் தெரியும், திட்டுகிற அளவுக்கு நன்றாகவே தெரியும். திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, எப்படிச் சமைத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். மிளகும் தேங்காய்ப் பாலும் போட்டு என்றேன். தலையை ஆட்டினார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று பங்களாவில் தனியாக உட்கார்ந்து டின் மாட்டிறைச்சி தின்றதாகச் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"ஏன் நமக்கு ஒரு கிண்ணம் வைக்கல?"

துரைக்குப் பசிக்கும் என்று அந்தத் தோட்டத்தில் யாரும் நினைத்ததே கிடையாது. எங்களுக்குப் பசிக்கும் என்று அவரும் நினைத்ததில்லை, அதனால் அதற்காக நான் ரொம்ப வருத்தப்பட்டுவிடவில்லை.

துரை நீலப் பென்சிலை எடுத்துப் பேப்பரின் தலையில் ஏதோ எழுதிச் சிற்றம்பலத்திடம் நீட்டினார். பதிவேட்டில் ஏற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பு என்றார். இந்த வருஷ வான்கோழி உன் வீட்டுக்குக் கீழே வளரும், டிசம்பரில் அதற்கு ஒரு இறகு குறைந்தாலும் உன்னைக் கேட்பேன் என்றும் சொன்னார். சிற்றம்பலம் உட்கார்ந்து, அந்த அழகான கையெழுத்தில், துரை எழுதியதைப் பார்த்து எழுதினார். 'தேர்ச்சி பெற்றார். சந்தேகம் வந்தால் மனைவியைக் கேட்டுக்கொள்வார்.'

சாப்பாட்டு மணி அடித்ததும் இவரும் என்னோடு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் நான் அழுதேன். பயந்தபோது வராத அழுகை, இனி நாகப்பட்டினம் போகவேண்டாம் என்று ஆன பிறகு வந்தது. கூடவே கோபமும் தீரவில்லை. பாதி வழியில் நின்று கேட்டுவிட்டேன். நான் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், யார் சொல்லிக்கொடுத்தது என்ற ஒரு வார்த்தையைத் துரையிடம் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

இவர் கீழே கிடந்த ஒரு ரப்பர் கொட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார்.

"சொன்னேனே. நீ வர்றதுக்கு முன்னாடியே, எம் பொண்டாட்டிதான் சொல்லிக்குடுத்தான்னு மூணு தடவ சொல்லிட்டேன்," என்றார். "துரைதான் நம்பல."